பேர் வெட்டுகிறவர்

ஆபீஸில் ஒரு லெட்டர் அடித்து முடிப்பதற்குள் நாற்பது தடவை பேக்ஸ்பேஸ் தட்டுகிற ஆசாமி நான். மானேஜர் பேரிலேயே இரண்டு தப்பு விடுவேன். அழித்தால் போச்சு! ஆனால் அழிக்கவே முடியாத உத்தியோகம் ஒன்று இருக்கிறது. பாத்திரத்தில் பேர் வெட்டுவது.

சுசீந்திரத்தில் எங்கள் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த செம்பு, உருளி, குத்துவிளக்கு எல்லாவற்றுக்கும் பேர் வெட்டியவர் ஒரு பெரியவர். கையில் சின்ன உளி, அதற்கேற்ற சுத்தியல். டிக், டிக் என்று தட்டத் தட்ட, புள்ளி புள்ளியாய் எழுத்து ஓடும். 'ழ', 'ண' வந்தால் உளி வளையாது. மடியில் இருக்கிற பாத்திரம்தான் திரும்பும். பித்தளை சொன்ன பேச்சு கேட்கும். எவர்சில்வர் முரடு, உளி முனையை மழுக்கிவிடும்.

"தப்பு வந்தா என்ன செய்வீங்க, பாட்டா?"

"வெட்டின பேருக்கு வேற மாப்பிள்ளை பாக்கணும், மக்கா!" என்றார், தலையைத் தூக்காமல்.

லேசுப்பட்ட தொழில் இல்லை, சார். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 1905-ல் கிடைத்தது. மொத்தம் 31 ஏடு, அத்தனையும் உளி வேலை. அதில் சமஸ்கிருதப் பகுதியைப் பாடிய நாராயணன் பேரும் இருக்கிறது. வெட்டிய காஞ்சிபுரத்துச் சிற்பிகளின் பேரும் இருக்கிறது. ராஜா காலத்தில் கவிக்கும் உளிக்கும் ஒரே மரியாதை!

நம் பெரியவருக்கு? எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவுதான். ஊர்ப் பேரெல்லாம் வெட்டியவர் தன் பேரை எங்கேயும் வெட்டிக்கொள்ளவில்லை. இப்போது கரண்டில் ஓடும் பேனா வந்துவிட்டது. கடைப் பையனே 'கிர்'ரென்று கிறுக்கித் தந்துவிடுகிறான்.

போகட்டும் என்று விட்டிருப்பேன். எங்கள் ஆச்சி செத்த பிறகு பாத்திரப் பங்கு நடந்தது. வீடு பாட்டா பேரில். ரேஷன் கார்டு அப்பா பேரில். பத்திரிகை அடித்தால் 'இன்னார் மனைவி'. ஆச்சியின் முழுப்பேர் எழுத்தில் இருந்த ஒரே இடம், அவள் சீராகக் கொண்டுவந்த உருளியின் விளிம்பு. படிக்கத் தெரியாதவள். புளி போட்டுத் தேய்க்கும்போது அந்தப் புள்ளிகளை விரலால் தடவி, "இது எனக்க பேராக்கும்" என்பாள்.

"எடைக்குப் போட்டா நல்ல காசு" என்றார் சித்தப்பா. அம்மா பேசவே இல்லை. உருளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பித்தளை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இறக்கி, விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். யாரோ ஒரு ஆச்சி இருப்பாள். வெட்டினவர் மட்டும் இருக்கமாட்டார்.

தும்மல் வந்தால் என்னைத் திட்டாதீர்கள்!