கடலுக்கு அடியில் மூன்று மாதம்!
அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை நாமே கட்ட முடியுமா?

வால்பாறையில் மழை பிடித்துவிட்டால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"சோலையாறு நிரம்பிவிட்டதா?"

அணை நிரம்பினால் நீர்மட்டம் 160 அடி. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 4½ டன் எடை அழுத்துகிறது. ஒரு பெரிய கொம்பன் யானை ஒற்றைக் காலில் ஏறி நிற்பது போல!

அதைவிட ஐந்து மடங்கு ஆழம், அதாவது 800 அடிக்கும் கீழே, சுமார் நூறு பேரைச் சுமந்து ஓடும் கப்பல்கள் இருக்கின்றன. அங்கே ஒரு சதுர அடியின்மேல் ஐந்து யானைகள்! தகடு கொஞ்சம் நெளிந்தாலும், பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் கண்டாலும் எல்லோருக்கும் ஆபத்து.

அவைதான் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள்.

மூச்சுவிட மேலே வரவேண்டாம்

சாதாரண நீர்மூழ்கி டீசலில் ஓடுகிறது. டீசல் எரியக் காற்று வேண்டும். கடலுக்கு அடியில் காற்று ஏது? ஆகவே பாட்டரியில் ஓடும். பாட்டரி தீர்ந்தால் மேலே வரும். அப்போது எதிரியின் கண்ணில் படும்.

அணு உலைக்குக் காற்று வேண்டாம். தேயிலை ஆலையில் வெப்பத்துக்கு விறகு எரிக்கிறார்கள் அல்லவா? இங்கே விறகுக்குப் பதில் யுரேனியம். அதன் அணுக்கள் பிளந்து வெப்பம் பிறக்கிறது. வெப்பம் தண்ணீரை ஆவியாக்குகிறது. ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. கப்பல் ஓடுகிறது. அமெரிக்காவின் புதிய கப்பல்கள் சிலவற்றில், கட்டும்போது போட்ட எரிபொருள் கப்பலின் ஆயுள் முழுவதற்கும் போதும்!

மாலுமிகள் சுவாசிக்கும் பிராணவாயுவைக் கூடத் தண்ணீரிலிருந்தே பிரித்து எடுக்கிறார்கள். அப்படியானால் எப்போதுதான் கரைக்கு வரவேண்டும்? சாப்பாடு தீரும்போது! சுமார் மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு ஏற்றலாம். அதற்குமேல் இடம் இல்லை.

இப்படிப்பட்ட முதல் கப்பல் அமெரிக்காவின் 'நாட்டிலஸ்'. 1955-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி அது அணுசக்தியில் புறப்பட்டது. 1958-ல் வடதுருவத்துப் பனிக்கட்டிக்கு அடியிலேயே நுழைந்து சென்றது.

இரவல் சக்கரம்

இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று அணு ஏவுகணைகளைச் சுமந்து மறைந்து கிடப்பது. மற்றொன்று எதிரிக் கப்பலைத் தேடி விரட்டித் தாக்குவது. நம்மிடம் முதல் வகை இருக்கிறது. 2009-ல் விசாகப்பட்டினத்தில் தண்ணீரில் இறக்கப்பட்ட 'அரிஹந்த்' 2016-ல் கடற்படையில் சேர்ந்தது. அதன் தம்பி 'அரிகாத்' 2024 ஆகஸ்டில் சேர்ந்தது.

விரட்டித் தாக்கும் கப்பல்? அது சொந்தத்தில் ஒன்றுகூட இல்லை!

1988-ல் சோவியத் ரஷியாவிடமிருந்து ஒன்றை வாடகைக்கு வாங்கினோம். 'சக்ரா' என்று பெயர் வைத்தோம். மூன்று ஆண்டில் திருப்பிக் கொடுத்தோம். 2012-ல் இன்னொரு 'சக்ரா' வந்தது. 2021-ல் அதுவும் போய்விட்டது. திருமாலின் சக்கரம் எறிந்தால் அவர் கைக்கே திரும்பும். இந்தச் சக்கரம் ரஷியாவின் கைக்கே திரும்பியது!

இரண்டாவது 'சக்ரா' நம்மிடம் வருமுன்பே 20 உயிர்களைப் பலி வாங்கிய கப்பல். 2008 நவம்பரில் ரஷியாவில் சோதனை ஓட்டத்தின்போது, தீ இல்லாமலே தீயணைக்கும் வாயு திறந்துகொண்டது. உள்ளே 208 பேர். ஓட வழி இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் கப்பல் கட்டும் தளத்தின் ஊழியர்கள்.

கல்பாக்கத்தில் ஓடாத கப்பல்

நீர்மூழ்கிக்குள் அடங்குகிற அளவு சின்ன அணு உலையை நாமே செய்ய முடியுமா? இதற்கு விடை கிடைத்தது தமிழ்நாட்டில். செங்கல்பட்டு மாவட்டம் கல்பாக்கத்தில், நகராத ஒரு பாதிக் கப்பலையே கரையில் அமைத்து, அதற்குள் உலையை இயக்கிப் பார்த்தார்கள். 2006-ம் ஆண்டு அது முழு அளவில் வேலை செய்யத் தொடங்கியது. மாலுமிகளும் அங்கேதான் பயிற்சி பெற்றார்கள்.

ஆனால் மறைந்து கிடக்கும் கப்பலுக்கு அந்த உலை போதும். விரட்டி ஓடுகிற கப்பலுக்கு அதைவிட வலிமை வேண்டும். வேகமாக ஓடினாலும் சத்தம் வரக்கூடாது. சத்தம் கேட்டால் எதிரி இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். பணத்தைவிடக் கடினமானது இதுதான்.

வீட்டிலே ஒருத்தி

மலைப்பாதையில் மண் சரிந்து, டெலிபோனும் படுத்துவிட்டால், பொள்ளாச்சிக்குப் போனவர் திரும்பும்வரை லயன் வீட்டில் ஒருத்தி தவிப்பாள். ஒரு நாள், இரண்டு நாள். நீர்மூழ்கி மாலுமியின் மனைவிக்கு அது மாதக் கணக்கு.

திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் கடற்படையின் வானொலி நிலையம் இருக்கிறது. 1990-ல் தொடங்கிய அதற்குக் கட்டபொம்மன் பெயர். நீரில் மூழ்கியிருக்கும் கப்பலுக்கும் அங்கிருந்து செய்தி எட்டும். ஆனால் கப்பல் பதில் பேசாது. பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படையில் வீட்டார் வாரம் ஒருமுறை சில வரிகள் அனுப்பலாம். "சேர்ந்தது" என்று ஒரு வார்த்தை திரும்பி வராது.

2036-ல்!

2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபைக் குழு, இரண்டு தாக்கும் நீர்மூழ்கிகளை இங்கேயே கட்ட அனுமதி கொடுத்தது. செலவு சுமார் ரூ.40 ஆயிரம் கோடி என்று செய்திகள் கூறின. முதல் கப்பல் 2036-37-ல் கிடைக்கும், அடுத்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து என்று கடற்படைத் தலைமைத் தளபதி திரிபாதி அந்த டிசம்பரில் சொன்னார்.

அதுவரை? ரஷியாவிடம் மூன்றாவது முறையாக வாடகைக்குக் கேட்டு 2019 மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று. 2025-க்குள் வரவேண்டிய கப்பல் அது. சொன்ன கெடுவுக்கு வரவில்லை.