அட்டாலியில் கிடந்த அரக்குத் தட்டுகள்



போத்தனூரில் வாழும் நமது பழைய சந்தாதாரர் குடும்பம் ஒன்றில், சென்ற கோடையில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டி அட்டாலியை ஒழித்தார்கள். உடைந்த தொட்டில், பழைய பித்தளை அண்டா இவற்றின் பின்னால் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதனுள் கைப்பிடி காணாமற்போன கிராமபோன் ஒன்றும், நாற்பதுக்குக் குறையாத இசைத்தட்டுகளும் இருந்தன. இரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றுக் காலஞ்சென்ற வீட்டுப் பெரியவர், 1960களின் இறுதியில், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரிடமிருந்து அவற்றை வாங்கினாராம். அக்காலத்தில் போத்தனூர்க் காலனியிலிருந்து அப்படிப் புறப்பட்டுச் சென்ற குடும்பங்கள் பல. கோவிலில் பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்திருந்தவர்கள், கட்டிலையும் பியானோவையும் விற்றுவிட்டு, கண்ணீரோடு விடைபெற்றதை மூத்த வாசகர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள்.

செய்தி எப்படியோ பரவி, மூன்றாம் நாள் பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "மீதி எல்லாம் உதவாதுங்க, அம்மா" என்று சொல்லி, அந்த மூன்றுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கல்லூரியில் படிக்கும் பேரன், விற்பதற்கு முன்னால் விளையாட்டாகத் தன் கைப்பேசியில் தட்டுகளைப் படம் பிடித்து வைத்திருந்தான். அந்தப் படங்களை நமக்கு அனுப்பி, "இவை என்னவென்று சொல்ல முடியுமா, ஐயா?" என்று எழுதிக் கேட்டிருந்தான்.

மூன்றிலும் 'பார்லபோன்' என்ற பெயர். அதனருகே பவுன் நாணயக் குறியைப் போன்ற ஒரு முத்திரை. (அது பவுனும் அன்று, பணமும் அன்று. அந்த நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜெர்மானியக் கம்பெனியின் அதிபர் லின்ட்ஸ்ட்ராம் என்பாருடைய பெயரின் முதலெழுத்தே அது.) அதன் கீழே 'பீட்டில்ஸ்' என்று குழுவின் பெயர். வேகம் 78 சுற்று. செய்யப்பட்ட இடம் இந்தியா. பையன் ஏமாந்துவிட்டான் என்பது நமக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பீட்டில்ஸ் என்பது இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்து இளைஞர் நால்வரின் ராக் இசைக்குழு. 1962 முதல் 1970 வரை எட்டே ஆண்டுகள் அவர்களுடைய இசைத்தட்டுகள் உலகை ஆட்டிவைத்தன. இக்குழுவோடு தொடர்புடைய எதையும், கையெழுத்தையும் கித்தாரையும் நுழைவுச் சீட்டையும் கூட, பொன்போல் சேர்த்து வைக்கும் அன்பர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 1980 டிசம்பரில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து இந்த ஆர்வம் பெருகிற்று. மறு ஆண்டே இலண்டனில் ஸோத்பி ஏலக் கம்பெனி ராக் இசைப் பொருள்களுக்கென்றே தனி ஏலம் நடத்தியது. லெனன் 'இமேஜின்' பாடலை அமைத்த பியானோவை 2000ஆம் ஆண்டில் மற்றொரு பாடகரான ஜார்ஜ் மைக்கேல் பதினான்கரை இலட்சம் பவுன் கொடுத்து வாங்கினார்.

இதெல்லாம் சீமைச் செல்வர்களின் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்தச் சேகரிப்பாளர்கள் அரிதினும் அரிதாகத் தேடும் பொருள்களில் ஒன்று, ஏழை எளியவரும் கேட்கட்டும் என்று நம் நாட்டில் செய்யப்பட்ட சாதாரணத் தட்டு என்பதுதான் நம்மை வியக்க வைக்கிறது.

காரணம் இதுதான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டே பழைய காலத்து இசைத்தட்டு. 1948இல் நீண்ட நேரம் பாடும் 33⅓ சுற்றுத் தட்டும், மறு ஆண்டில் 45 சுற்றுச் சிறு தட்டும் அமெரிக்காவில் வந்தன. அவை வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றைப் பாடவைக்க மின்சாரம் வேண்டும். அவை பரவப் பரவ, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960ஆம் ஆண்டுவாக்கிலேயே அரக்குத் தட்டு செய்வதை நிறுத்திவிட்டார்கள். பீட்டில்ஸ் பாட வந்தபோது அவர்கள் நாட்டில் அரக்குத் தட்டே இல்லை.

நம் நாட்டின் நிலை வேறு. பைக்காரா நீர்மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் மலையிறங்கி வந்து கோவையின் பஞ்சாலைகளை ஓட்டத் தொடங்கியது உண்மை. ஆனால் ஆலைக்கு வந்த விளக்கு ஊருக்கும் வீட்டுக்கும் வர இன்னும் பல்லாண்டுகள் ஆயின. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பாட்டுக் கேட்க வேண்டுமானால், கையால் சாவி கொடுத்து ஓடவிடும் கிராமபோன் ஒன்றே வழி. ஆகவே கல்கத்தாவை அடுத்த டம் டம் தொழிற்சாலையில், கிராமபோன் கம்பெனியார் 1960களிலும் அரக்குத் தட்டுகளைத் தொடர்ந்து செய்துவந்தார்கள். 'எ ஹார்ட் டேஸ் நைட்' போன்ற பீட்டில்ஸ் பாடல்களும் அவ்வாறே அரக்கில் அச்சாகி வெளிவந்தன. மேலைநாட்டார் தம் நாட்டில் காணமுடியாத இந்தத் தட்டுகளுக்குப் பல நூறு டாலர்களும், சிலவேளை ஆயிரத்துக்கு மேலும் கொடுப்பது இதனாலேதான். நம் வறுமையே அதன் அருமைக்குக் காரணமாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அரக்கு என்றதும் நமக்குத் தபால் முத்திரையும் பாரதக் கதையின் அரக்கு மாளிகையும்தான் நினைவுக்கு வரும். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி வெளியிடும் பிசின் அது. ராஞ்சியைச் சுற்றியுள்ள சோட்டா நாக்பூர்க் காடுகளில் பழங்குடி மக்கள் அதைச் சேகரித்து விற்றார்கள். அந்தப் பிசினோடு கற்பொடியும், பஞ்சின் துகளும், கரியும் கலந்து சூட்டில் அழுத்தியதே இசைத்தட்டு. உலகத்தின் பாட்டெல்லாம் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நம் நாட்டுப் பூச்சியின் பிசினில்தான் எழுதப்பட்டது! 1942இல், போரின் காரணமாக அரக்கு வரத்துக் குறைந்தபோது, அமெரிக்காவில் பழைய தட்டுகளை மக்களிடமிருந்து திரும்ப வாங்கி அரைத்துப் புதியவை செய்தார்கள். அப்படி அரைபட்டுப்போன குரல்கள் எத்தனையோ.

அரைபட்டவை ஒருபுறம், எரிபட்டவை மற்றொருபுறம். 1966இல் லெனன் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தம் குழு இயேசுவைவிடப் பெயர் பெற்றுவிட்டது என்னும் பொருள்படப் பேசிவிட்டார். இங்கிலாந்தில் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அச்செய்தி எட்டியபோது, இளைஞர்களே தட்டுகளையும் படங்களையும் குவித்துத் தீ வைத்தார்கள். ஆகஸ்டு மாதம் சிக்காகோ நகரில் லெனன் வருத்தம் தெரிவித்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2008இல், வத்திக்கானின் 'லொசர்வாத்தோரே ரொமானோ' நாளிதழ், எதிர்பாராத வெற்றி தலைக்கேறிய ஓர் உழைப்பாளி வீட்டு இளைஞனின் வாய்வீச்சு அது என்று எழுதி, அக்குழுவின் இசையைப் பாராட்டியும் இருந்தது. சொன்ன சொல் தவறு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு பையனின் வாய்த்துடுக்குக்காகப் பாட்டைக் கொளுத்தியதையும் நாம் ஒப்ப இயலாது. அன்று தீக்குத் தப்பிய தட்டுகளை இன்று அவர்கள் பிள்ளைகளே விலை கொடுத்துத் தேடுகிறார்கள் என்றால் நாம் வியப்படைய மாட்டோம்.

இவ்வாறு பொருளைப் போற்றுவது பேதைமை என்று சில பெற்றோர் நினைக்கக்கூடும். அப்படி ஒரேயடியாகச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. புனிதர்களின் எலும்பையும் உடையையும் பேழையில் வைத்து வணங்கும் திருச்சபையின் மக்கள் நாம். அன்புக்குரியவர் தொட்ட பொருள் என்பதில் என்ன இருக்கிறது என்று நம்மிடம் கேட்கவேண்டியதில்லை. (பாடகனைப் புனிதரோடு ஒப்பிடுவதாக எவரும் கருதவேண்டா. மனித மனத்தின் இயல்பையே கூறுகிறோம்.) ஆனால் திருச்சபைச் சட்டம் 1190ஆம் எண், புனிதப் பண்டங்களை விற்பதை அறவே தடுக்கிறது. ராக் இசைச் சேகரிப்பில் அத்தகைய வேலி கிடையாது. எனவே பொய்யும் புகுந்துவிட்டது. பீட்டில்ஸ் கையெழுத்து என்று விற்கப்படுபவற்றுள், அக்குழுவின் உதவியாளர்களே கூட்டத்தைச் சமாளிக்கப் போட்டுக் கொடுத்தவையும் பல உண்டு. கையெழுத்துக்குப் பணம் கொடுக்க நினைக்கும் இளைஞர்கள் இதை மனத்திற்கொள்வது நலம். அரக்குத் தட்டு அந்த வகையில் நேர்மையானது. அதன் எடையும், வரித்தடமும், நடுவிலுள்ள காகித முத்திரையும் எளிதில் பொய் சொல்லா.

இவ்வளவையும் எழுதி அனுப்பிய பின், ஒரு ஞாயிறன்று மாலை போத்தனூருக்கே சென்றோம். பேரன் முகம் வாடியிருந்தான். "அப்பத்தா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டுட்டுக் கொடுத்திருக்கலாமில்ல?" என்று அவன் மனம் பொறாமல் சொல்ல, அந்த மூதாட்டி சிரித்துவிட்டார்.

"போகட்டும் கண்ணு. அந்த இங்கிலீசுப் பாட்டு உங்க அப்பாருக்கே புரியாது. காலனித் துரை வீட்டுப் பசங்க ஆடுன பாட்டுன்னு ரெண்டு நாள் வெச்சுப் பார்த்தாரு, அவ்வளவுதான். அவரு ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து வெக்கிறது வேற தட்டு. அது போயிருந்தாத்தான் நான் அழுதிருப்பேன்."

அந்த வேறு தட்டு, உதவாதென்று தள்ளப்பட்ட குவியலில்தான் இருந்தது. பேரன் தேடி எடுத்துக் கொடுத்தான். முத்திரைக் காகிதம் பாதி உரிந்திருந்தது. எனினும் 'ஹரிதாஸ்' என்ற பெயர் தெரிந்தது. 1944இல் வெளிவந்து, சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட தியாகராஜ பாகவதரின் படம் அது. அந்தப் படம் எடுக்கப்பட்டது நம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் என்று சொன்னபோது பேரனால் நம்ப முடியவில்லை. திருச்சி சாலை வழியாக நாள்தோறும் கல்லூரிக்குப் போகிறவன் அவன்!

பீட்டில்ஸ் தட்டை வாங்கிச் சென்றவரிடம் திரும்பக் கேட்கலாமா என்று அவன் தந்தையார் கேட்டார். கேட்பதில் தவறில்லை, ஆனால் கிடைக்கும் என்று நம்பவேண்டா என்றோம். அறியாதவரிடம் பொருளின் தன்மையை மறைத்து வாங்குவது வியாபாரத் திறமையாகக் கருதப்படுகிறது. நாம் அதை அப்படிக் கருதவில்லை.

எஞ்சிய தட்டுகளைப் பேணும் முறையையும் கேட்டார்கள். வீடுகளில் இத்தகைய பெட்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறோம். அரக்குத் தட்டைப் படுக்கையாக அடுக்கினால் வளைந்தும் விரிசல் கண்டும் போகும். புத்தகம்போல் நிமிர்த்தி நெருக்கமாக வைக்கவேண்டும். ஓட்டுக்கடியில் கோடை வெயில் தகிக்கும் அட்டாலி அதற்கு ஆகாத இடம். அழுக்குப் போகச் சாராயம் கலந்த திரவத்தைத் தொடவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். மென்மையான துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, உடனே உலர்த்தினால் போதும். முத்திரைக் காகிதத்தில் ஈரம் படக்கூடாது. பழைய கிராமபோனின் எஃகு ஊசியைத் தட்டின் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் மாற்றிவிடவேண்டும். தேய்ந்த ஊசி வரித்தடத்தை உழுதுவிடும். புதிய வினைல் கருவியின் ஊசியோ இத்தட்டுக்கு மிக மெல்லியது. அதற்கென அகன்ற முனையுள்ள ஊசி கிடைக்கிறது.

பேரன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். கிராமபோனின் கைப்பிடிக்கு அளவெடுத்துக்கொண்டு, வரும் சனிக்கிழமை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடப் போகிறானாம். "கெடைச்சா அவரையும் கூப்பிட்டு அனுப்பு, கண்ணு, பாட்டுக் கேக்கட்டும்" என்று நம்மைக் காட்டிச் சொன்னார் அப்பத்தா.