விருந்தாளி கடிகாரமும் கணக்குப் புத்தகமும்

போரூரில் ஐயப்பன்தாங்கல் பஸ்ஸுக்கு நின்று பழகியவர்களுக்கு இது தெரியும். அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராது. அப்புறம் மூன்று பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். டிரிப் கணக்கு சரியாக இருக்கும். காத்திருந்தவர் நேரம்தான் போயிருக்கும். விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் கடிகாரமும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் கட்டிய இன்னொரு கம்ப்யூட்டர். அதில் ஓடும் இயங்குதளம் ஒரு விருந்தாளி. ஆனால் மொத்த வீடும் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கும். பழைய இயங்குதளங்கள் பல, வன்பொருள் அனுப்பும் 'டிக்'குகளை எண்ணித்தான் நேரம் பார்த்தன. சாதாரண பிசியில் லினக்ஸ் 2.4 நொடிக்கு 100 டிக் எண்ணியது. 2.6 வந்தபோது அது 1000 ஆனது. 2005-இல் வந்த 2.6.13-இல் 250 ஆகக் குறைத்தார்கள்.

வீட்டுக்காரர் வேறு வேலையில் இருந்தால் விருந்தாளிக்கு பிராசசரில் முறை வராது. டிக்குகள் தேங்கும். தேங்கியது தொலைந்தால் கடிகாரம் பின்தங்கும். மொத்தமாக வந்து விழுந்தால் திடீரென்று வேகமாக ஓடும். நேரம் சீராகப் போகும் என்று நம்பி எழுதிய மென்பொருள் குழம்பி, சில சமயம் அப்படியே நின்றுவிடும். நேற்று எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் இன்னும் வேடிக்கை. யாராவது சரிசெய்யும் வரை உள்ளே நேற்றைய தேதிதான்!

இது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் தலைவலி, பி.காம். படிப்பவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் கம்பெனிகள், 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்யும் மென்பொருளையே வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவை நிறுத்தி வைக்க வழி இருக்கக் கூடாது. ஆடிட்டரும் அதைப் பற்றித் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். சரி, அந்தத் தேதியைக் கொடுப்பது யார்? மென்பொருள் வாடகை சர்வரில் ஓடினால், பெரும்பாலும் ஒரு விருந்தாளியின் கடிகாரம்தான்.

சில நொடி வித்தியாசத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்பார்கள். மார்ச் 31 நள்ளிரவில் சில நொடிகள் ஒரு நிதியாண்டு. இரண்டு பேர் ஒரே வவுச்சரைத் திருத்தினால் யார் முதலில் என்பதே கேள்வி. அணைக்க முடியாத பதிவேட்டில் தப்பான தேதி விழுந்தால், அந்தத் தப்பும் அழியாமல் நிற்கும்.

மருந்து இல்லாமல் இல்லை. வீட்டுக்காரரிடமே நேரம் கேட்கும் வசதி இன்றைய இயங்குதளங்களில் உண்டு. நெட்வொர்க் வழியாகவும் நேரத்தைச் சரிபார்க்கலாம். சர்வர் கடிகாரங்களை என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவே போட்டது. உத்தரவு இருப்பது வேறு, போய்ப் பார்ப்பது வேறு. திருத்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்கும் ஆடிட்டர், அது எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறது என்றும் கேட்க வேண்டும்.

டிப்போவில் பஸ் கிளம்பும் நேரத்தை டிரைவரின் கைக்கடிகாரத்தை நம்பி விடுவதில்லை. அதற்கென்று ஒரு டைம் கீப்பர் உட்கார்ந்திருக்கிறார். கோடிக்கணக்கில் பணம் புரளும் கணக்குப் புத்தகத்துக்கு அப்படி ஒருவர் வேண்டாமா?