குத்துவிளக்கும் குண்டும்

உங்கள் வீட்டுக் குத்துவிளக்கும் துப்பாக்கிக் குண்டும் உறவு என்றால் நம்புவீர்களா, சகோதரி? காரைக்கால் பக்கம் போய், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய குடும்பங்களைக் கேளுங்கள். 1954 நவம்பர் 1-ம் தேதி வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர் அல்லவா? முதல் உலக யுத்தத்துக்கும், பிறகு இந்தோசீனத்துக்கும் அங்கிருந்து பிள்ளைகள் கப்பலேறினார்கள்.

பிரெஞ்சுப் படையின் லெபெல் துப்பாக்கி 1886-ல் வந்தது. புகையில்லாத வெடிமருந்தை முதன்முதலில் ஏற்றுக்கொண்ட ராணுவத் துப்பாக்கி அதுதான். 1898-ல் அதற்கென்று செய்த குண்டு, உள்ளே ஈயமே இல்லாமல் முழுக்க முழுக்கப் பித்தளை! எடை சுமார் 13 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 700 மீட்டர். முனை கூர்மை, பின்புறமோ படகைப் போல் ஒடுக்கம். அப்படி ஒடுங்கினால் காற்று பின்னுக்கு இழுப்பது குறையும். குண்டு வெகுதூரம் போகும்.

அப்படியானால் எஃகு எதற்கு? களிமண் உருண்டையைச் சுவரில் எறிந்து பாருங்கள், அப்பிக்கொள்ளும். ஈயமும் அப்படித்தான், இரும்புத் தகட்டில் பட்டால் நசுங்கிவிடும். 1916-ல் டாங்கிகள் போர்க்களத்துக்கு வந்ததும், ஜெர்மானியர் கடின எஃகு வைத்த குண்டுகளால் அவற்றைத் துளைத்தார்கள்.

இந்தக் குண்டை ஒரு மாம்பழமாக நினைத்துக்கொள்ளுங்கள். தோல் செம்புக் கலவை, சதை கொஞ்சம் ஈயம், கொட்டை எஃகு. தகட்டில் பட்டதும் தோலும் சதையும் வெளியே சிதறும். கொட்டை மட்டும் உள்ளே போகும். ஆனால் எஃகு ஈயத்தைவிட லேசு. கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11 கிராமுக்கு மேல். எஃகு 8 கிராம்கூட இல்லை. ருஷ்யர்கள் தங்கள் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவில் மென்மையான எஃகை வைத்ததற்குத் துளைப்பதைவிட ஈயச் சிக்கனமே முக்கியக் காரணம். நம் வீட்டுக் கணக்கு மாதிரிதான்!

கடின எஃகு வேறு விஷயம். 2017 டிசம்பர் 31-ம் தேதி காஷ்மீரில் லெத்போரா மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் தாக்கப்பட்டது. ஐந்து வீரர்கள் உயிர் துறந்தார்கள். எஃகுக் குண்டு காப்புக் கேடயத்தையே துளைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. படித்தபோது அவர்கள் வீட்டுப் பெண்களைத்தான் நினைத்துக்கொண்டேன். குண்டு துளைக்காத சட்டைக்கு இந்தியத் தர நிர்ணயம் 2018-ல் வந்தது. அதில் மென்மையான எஃகுக்கு ஒரு பரீட்சை, கடின எஃகுக்கு வேறொரு பரீட்சை. கடின எஃகைத் தடுக்கத் துணி மட்டும் போதாது. பீங்கான் தகடு வேண்டும். அது தானும் உடைந்து, குண்டின் முனையையும் உடைக்கும். பின்னாலுள்ள கெட்டியான பிளாஸ்டிக் இழை அடுக்கு துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை எடை கூடினாலும் சரி, போட்டுக்கொண்டு போ என்றுதான் எந்தத் தாயும் சொல்வாள்.

லெபெல் ஏந்திப் போன காரைக்கால் பிள்ளைகளுக்கு நெஞ்சில் பட்டாளச் சட்டைதான் இருந்தது. திரும்பியவர்கள் அதன்மேல் மெடல் குத்திக்கொண்டார்கள். பிரெஞ்சு யுத்தச் சிலுவை மெடல் வெண்கலம்.