தராசும் கிண்ணமும்

ஒரு பொருளை ஆக்குபவன் ஒருவன்; அதன் சுவைக்குத் தீர்ப்புக் கூறுபவன் மற்றொருவன். உலகத்தில் பெரும்பாலான பொருள்களுக்கு இதுவே நியதி. ஆனால் தீர்ப்பானது ஆக்கியவன் காதுக்கு எட்டாமலே போகுமாயின், அவன் கைத்திறன் வளர்வதும் இல்லை. அத்திறனுக்கு உரிய விலை அவனைச் சேர்வதும் இல்லை. நமது மலையகத்தில் பிறந்த இரண்டு பானங்களை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய விரும்புகிறேன். ஒன்று பியர்; மற்றொன்று தேநீர்.

பியரின் பெயரைக் கேட்டதும் ஆசிரியப் பெருமக்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். குடிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. சம்பள நாள் மாலையில் தவறணை வாசலோடு கரைந்துபோன குடும்பங்களை மலையகத்தில் அறியாதார் யார்? ஆயினும், நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னத்தைப்போல, மதுவை விலக்கிவிட்டு, அதனைச் சுவைத்து மதிப்பிடுவோர் கையாளும் முறையை மாத்திரம் நாம் எடுத்துக்கொள்ளலாம். அம்முறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

கடல் மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கு மேலே குளிரில் ஒடுங்கிக் கிடந்த நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை நிறுவ முயன்றவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ் பெற்றவரும் இவரே. 1849ஆம் ஆண்டளவில் இவர் அங்கே தொடங்கிய சிறிய பியர் வடிசாலையே இலங்கையில் அத்தொழிலுக்கு வித்து என்பர். 1881இல் சிலோன் புரூவரி என்ற நிறுவனம் தோன்றியது. வாற்கோதுமையை வறுத்துக் காய்ச்சிய ‘லயன் ஸ்டவுட்’ என்னும் கரிய பியர் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற சரக்காயிற்று. 1990களின் இறுதியில் உற்பத்தி கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு மாறிவிட்டது.

மலையுச்சியில் பிறந்த இந்தக் கரிய பானத்தின் பெயரை உலகெங்கும் பரப்பியவருள் முதன்மையானவர் மைக்கேல் ஜாக்சன். ஆடிப் பாடிய அமெரிக்கர் அல்லர் இவர். 1942இல் பிறந்து 2007இல் மறைந்த ஆங்கிலேயப் பத்திரிகை எழுத்தாளர். உலகத்துப் பியர் வகைகளைத் தொகுத்து 1977இல் இவர் வெளியிட்ட நூல் அத்துறையில் ஒரு திருப்பம். அதுவரையில் ‘நல்ல பியர்’, ‘கெட்ட பியர்’ என்ற இரண்டு சொற்களோடு நின்ற குடிப்பழக்கத்துக்கு அவர் ஒரு சொல்வளத்தைக் கொடுத்தார். இன்ன வகை, இன்ன நிறம், இன்ன மணம், எந்த நாட்டு மரபு என்று பகுத்துக் காட்டினார். சிறிய ஊரொன்றில் பெயரறியாத ஒருவன் காய்ச்சும் பியரையும் பெரிய கம்பனியின் பியரையும் ஒரே அளவுகோலால் அளக்க வழி பிறந்தது.

அதற்கு முன்பே, 1971இல், பழைய முறையில் காய்ச்சிய பியர் அழிந்துபோகாமற் காக்க இங்கிலாந்தில் ஓர் இயக்கம் தோன்றியிருந்தது. அமெரிக்காவில் வீட்டிலே பியர் காய்ச்சுவதற்கு மத்திய அரசு 1978இல் இடங்கொடுத்தது. 1985இல் அங்கே பியர் நடுவர்களுக்குப் பயிற்சியளித்துச் சான்று வழங்கும் திட்டம் ஒன்று உருவாயிற்று. 1970களின் இறுதியில் நூறுக்கும் குறைவாக இருந்த அமெரிக்க வடிசாலைகள் இன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. சட்டமும் முதலும் இதற்குக் காரணங்கள்தாம். ஆனால் நாக்கின் தீர்ப்பைச் சொல்லில் வடிக்கக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் தோன்றியிராவிட்டால் அச்சிறு தொழிலாளரின் பண்டத்தை யார் மதித்திருப்பார்?

அந்நடுவர்களின் புள்ளித்தாளைப் பாருங்கள். மொத்தம் 50 புள்ளி. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, முழுமையான மதிப்புக்கு 10. சுவைக்கு அடுத்தபடி மணத்துக்கே இடம். கண்ணைக் கவரும் தோற்றத்துக்கு மூன்றே புள்ளி! புள்ளியோடு காரணத்தையும் எழுத வேண்டும். நான் மிகவும் மதிப்பது அதற்கு அடுத்த படியைத்தான்: எழுதிய தாள் காய்ச்சியவனுக்கே திரும்பிச் செல்கிறது. ‘இங்கே சூடு மிகுந்துவிட்டது, இங்கே புளிப்பு ஏறிவிட்டது’ என்று அவன் அதனைப் படித்து அடுத்த முறை திருத்திக் காய்ச்சுகிறான். பரீட்சைத் தாளைத் திருத்தி மாணவன் கையில் கொடுக்கும் நல்லாசிரியரின் செயல் அன்றோ இது?

இனி நமது தேயிலைக்கு வருவோம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயுற்று அழிந்தபின் மலைநாடு முழுவதும் தேயிலையாயிற்று. 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. அன்று தொட்டு இன்றுவரை தேயிலையின் விலையைத் தீர்மானிப்பது நாக்கு. 2020இல் ஏலம் கணினி வழிக்கு மாறிவிட்டது. ஆனால் நாக்கின் வேலையைக் கணினி ஏற்கவில்லை. தரகரும் கொள்வோரும் மாதிரிகளைச் சுவைத்தே விலை குறிக்கின்றனர்.

அந்தச் சுவைப்புக்கும் ஒரு சாத்திரம் உண்டு. நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை. ஊறுவதற்கு ஆறு நிமிடம். இப்படி ஒரு சர்வதேச நியமமே 1980இல் வெளியாயிற்று. அதன் அடிப்படையான பிரித்தானிய நியமத்துக்கு 1999இல் வேடிக்கையான ‘இக் நோபல்’ பரிசுகூடக் கிடைத்தது. ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றுவதற்கு ஆறு பக்கமா என்று உலகம் சிரித்தது. சிரிப்பதற்கு இடமில்லை. எல்லாக் கிண்ணமும் ஒரே விதமாக ஊறினால்தான் ஒன்றை மற்றொன்றோடு நியாயமாக ஒப்பிட முடியும். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் இச்சுவைப்பைக் கண்டிருக்கிறேன். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் உலர்ந்த தூள். மூடியின்மேல் ஊறிய இலை. சுவைப்பவர் கரண்டியால் மொண்டு ஓசையெழ உறிஞ்சுவார். மூக்குவரை மணம் ஏற, நாவெல்லாம் புரட்டித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குச் செல்வார். ஒரு துளியும் தொண்டைக்குள் இறங்குவதில்லை.

அவர் நாக்கு எதனைக் கண்டுபிடிக்கிறது? வாட்டும் தட்டிலிருந்து சலிக்கும் அறை வரை நடந்த அனைத்தையும் கண்டுபிடிக்கிறது. காற்றுப் படவேண்டிய நேரம் குறைந்தால் பச்சை வாடை. அடுப்பின் சூடு மிஞ்சினால் கருகல். சூடு போதாமல் நெடுநேரம் கிடந்தால் புழுங்கல். அதற்கும் முன்னால், மலையிலே கொழுந்து பறித்த விரல் செய்த நன்மையும் தீமையும் கிண்ணத்தில் தெரிந்துவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வந்தால் ஒரு சுவை. முற்றிய இலை கலந்தால் வேறு சுவை. திம்புள்ளப் பகுதியில் தை, மாசி மாதங்களின் வறண்ட குளிர்காற்றில் வளரும் கொழுந்துக்குத் தனி மணம் ஏறுகிறது. நுவரெலியாத் தேயிலையின் சாயம் வெளிறியதாயினும் மணம் நுண்ணியது. இத்தனையும் கொழும்பில் இருப்பவர் அறிவார். கொழுந்து பறித்த பெண்மணி அறிவாரா?

அவருக்குத் தெரிந்ததெல்லாம் தராசு ஒன்றுதான். இத்தனை கிலோ வந்ததா, முழுப்பேரா, அரைப்பேரா என்பதே அவருடைய நாளின் தீர்ப்பு. முற்றிய இலை விழுந்தால் கங்காணியின் ஏச்சு விழும். நல்ல கொழுந்தாகவே பறித்தால் என்ன விழும்? ஒன்றுமில்லை. காலையில் தராசு, சில வாரங்கள் கழித்துக் கொழும்பில் கிண்ணம். தராசு எடையைக் கேட்கிறது. கிண்ணம் தரத்தைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சொல்கூடப் போய்வருவதில்லை. பியர் காய்ச்சும் ஓர் அமெரிக்கக் குடியானவனுக்குத் திரும்பி வரும் அந்தப் புள்ளித்தாள், ஒன்றரை நூற்றாண்டாக நம் மலையிலே கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு வரவில்லை. தான் பறித்த மலையின் தேயிலை ஏலத்தில் முதல் விலை பெற்றதா, கடைசி விலை பெற்றதா என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. வீட்டிலே அவர் குடிப்பதோ தூளைக் காய்ச்சிச் சீனி போட்ட சாயத் தண்ணீர்.

‘சம்பளமே போதாதவர்களிடம் சுவையைப் பற்றிப் பேசுவது யார் பசிக்கு உதவும்?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். சம்பளப் போராட்டத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்படுவதற்கு எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை நாடறியும். ஆனால் அந்தப் போராட்டத்தினூடேயே என் வாதத்துக்குச் சான்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடு ‘விலைப்பங்கு’ என்ற பெயரில் 50 ரூபா சேர்க்கப்பட்டிருந்தது. பெயரைப் பாருங்கள்: விலையில் ஒரு பங்கு! ஆனால் கிண்ணம் நன்றென்றாலும் தீதென்றாலும் அது அதே 50 ரூபாவாகவே நின்றது. விலை எப்படிப் பிறக்கிறது என்று அறியாதவர் அதில் தமக்குரிய பங்கு எவ்வளவு என்று எப்படிக் கேட்பார்? சுவையறிவு இங்கே பணக்காரரின் பொழுதுபோக்கு அன்று. கூலி பேசுவதற்கு வேண்டிய கணக்கறிவு.

‘சுவைக்கும் நாக்கு பிறவியிலே வரவேண்டும்’ என்பது மற்றொரு தடை. இதை நான் ஒப்பமாட்டேன். சுருதி பிசகுவதை எடுத்த எடுப்பில் யார் காது கண்டது? கேட்டுக் கேட்டுப் பழகியபின் கண்டது. தேநீர் சுவைப்பவரும் பல ஆண்டுகள், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சுவைத்தே தேர்ச்சி பெறுகிறார். அத்தேர்ச்சிக்கு வாய்ப்புப் பெற்றவர்கள் பெரும்பாலும் யார், பெறாதவர்கள் யார் என்பதே கேள்வி. கொழுந்தின் பதத்தை விரல் நுனியால் கணத்தில் அறியும் மக்களுக்கு, சாயத்தின் பதத்தை நாக்கின் நுனியால் அறிவது எட்டாத வித்தையாகுமா?

மூன்றாவது தடை மொழி. இலக்கிய அன்பர்கள் இங்கே என்னோடு சற்று நிற்க வேண்டும். சுவைப்பவரின் சொற்கள் யாவும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அறுசுவை வகுத்த தமிழில், எட்டு மெய்ப்பாட்டைத் தொல்காப்பியம் பகுத்துக் காட்டிய மொழியில், ஒரு கோப்பைத் தேநீரைப் பற்றிப் பேசச் சொல் இல்லையா? இருக்கிறது. நாவை இறுக்கும் குணத்துக்குத் ‘துவர்ப்பு’ நம்மிடம் ஆயிரம் ஆண்டாக உண்டு. ‘பிரிஸ்க்’ என்று அவர்கள் சொல்வதை ‘விறுவிறுப்பு’ என்றால் எந்தத் தோட்டத்திலும் விளங்கும். வாயை நிறைக்கும் தன்மைக்குக் ‘கனம்’, நிறத்தின் ஒளிக்குத் ‘தெளிவு’, நிறத்துக்குச் ‘சாயம்’. குற்றங்களுக்குப் பச்சை வாடை, கருகல், புழுங்கல், புகை. இவற்றுள் பெரும்பாலானவை சமையற்கட்டில் வழங்கும் சொற்கள். பண்டிதர் கூடிப் புதிதாக ஆக்கவேண்டியதில்லை. மக்கள் வாயில் உள்ளதைத் தொகுத்து வரையறுத்தால் போதும். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அவ்வாறே சுவைச் சொற்களையும் யாராவது தேடித் தொகுத்தல் வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் ஏலத்தின் தீர்ப்பு தமிழில் எழுதப்பட்டுக் கொழுந்து நிறுக்கும் இடத்திலே ஒட்டப்பட வேண்டும்: இன்ன மலைக் கொழுந்து, இன்ன விலை, இன்ன குணம், இன்ன குற்றம் என்று. இதற்கு ஒரு தாளும் ஒரு பேனையும் போதும். இரண்டாவது, அட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரப் பாடசாலைகளில் ஒரு மேசையும் பத்து வெள்ளைக் கிண்ணங்களும் வைத்துச் சுவைப் பயிற்சி தொடங்கப்பட வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையமே தலவாக்கலையில் இருக்கிறது. அங்குள்ள அறிஞர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் வந்து வழிகாட்டலாம். விஞ்ஞான ஆசிரியருக்கு அது இரசாயன பாடம். தமிழாசிரியருக்குச் சொல்லாக்கப் பாடம். மாணவர்க்குத் தம் தாய்மார் செய்யும் தொழிலின் மதிப்பை உணர்த்தும் பாடம். மூன்றாவது, விலைப்பங்கு என்ற பெயர் மெய்யாக வேண்டும். நல்ல கிண்ணத்துக்குக் கூடுதலாக வரும் பணத்தில் ஒரு பகுதி, அக்கொழுந்தைப் பறித்த கைகளுக்கு வருமாறு ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும்.

இவற்றுள் மூன்றாவதைத் தோட்ட நிருவாகங்கள் எளிதில் ஏற்கமாட்டா. அதற்குச் சங்கங்கள் வாதாட வேண்டும். முதலாவதற்கு நிருவாகத்தின் நல்லெண்ணம் வேண்டும். இரண்டாவதற்கு ஆசிரியர்கள் மனம் வைத்தால் போதும். அதனால்தான் இதனை இப்பக்கத்தில் எழுதத் துணிந்தேன். தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகும் பிள்ளைகளைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். அப்பிள்ளைகளுள் சிலரேனும், தாய் பறித்த கொழுந்துக்கு விலை கூறும் நாற்காலியில் அமரும் தகுதியோடு கொழும்புக்குப் போகட்டுமே!