பதிவேட்டிற் புகும் பொய்

பாலியற் குற்றம் புரிந்து தண்டிக்கப்பட்டோர் தம் பெயரையும் இருப்பிடத்தையும் பொலிஸாருக்கு அறிவித்தல் வேண்டுமென்று பிரித்தானியப் பாராளுமன்றம் 1997ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றிற்று. அறிவிக்கத் தவறியவனுக்கும் பொய்யாக அறிவித்தவனுக்கும் அன்று வைத்த உச்சச் சிறைத்தண்டனை ஆறு மாதமே. 2000ஆம் ஆண்டில் அது ஐந்தாண்டாக உயர்த்தப்பட்டது. அதன்பின் வந்த 2003ஆம் ஆண்டின் பாலியற் குற்றங்கள் சட்டமும் தன் 91ஆம் பிரிவில் அந்த ஐந்தாண்டையே நிலைநிறுத்தியிருக்கிறது. இத்துணைக் கடுமை தகுமோ என்று வினவுவோர் உளர். தகும் என்பதே எமது துணிபு. ஆயின் அக்கடுமை எவன்மேற் பாயவேண்டும் என்பதில் நாம் அச்சட்டத்தோடு மாறுபடுகின்றோம்.

அப்பதிவேட்டின் அத்திவாரம் யாது? குற்றவாளியின் சொந்த வாய்ச்சொல். தண்டிக்கப்பட்ட மூன்று தினங்களுள் அவன் பொலிஸ் நிலையஞ் சென்று தன் பிறந்த திகதி, பெயர், வழங்கிவந்த பிற பெயர்கள், வதியும் முகவரி ஆகியவற்றைக் கூறவேண்டும். ஏதேனும் மாறினால் மீண்டும் மூன்று தினங்களுள் கூறவேண்டும். மாற்றம் இல்லையெனினும் ஆண்டுக்கொருமுறை சென்று உறுதிப்படுத்தவேண்டும். காணிப் பதிவேட்டில் ஒரு கள்ளவுறுதி ஏறிவிட்டால் இரண்டு தலைமுறை கோடு கச்சேரியென்று அலைவதை எமது வாசகர் நன்கறிவர். காணியாவது கிடந்த இடத்திற் கிடக்கும். நில அளவையாளரை அழைத்துச்சென்று அளந்து பார்க்கலாம். மனிதனோ இன்றிரவு ஓரூர், நாளையிரவு வேறோரூர்.

ஆதலாலே பொய் அறிவிப்பு, அறிவியாமையினும் கொடிது என்கிறோம். வராதவனைப் பொலிஸார் தேடுவர். வந்து பொய் சொன்னவனைத் தேடார். அவன் கோவையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையுள்ள வீட்டிற் பன்னிரண்டு மணிநேரமேனும் தங்கினால் அதனையும் தெரிவித்தல் வேண்டுமென 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. எதற்காக? அப்பிள்ளைக்காக. அத்தகைய வீட்டில் வாழ்ந்துகொண்டே, தாயின் இல்லத்தில் வாழ்வதாக ஒருவன் எழுதிக் கையொப்பமிடுவானாயின், அவன் ஏய்த்தது பொலிஸ் எழுதுவினைஞரை மட்டுமன்று.

இவ்வளவு வேறுபாடுடைய இரு செயல்களை 91ஆம் பிரிவு ஒரே தட்டில் வைக்கிறது. நியாயமான காரணமின்றி அறிவிக்கத் தவறுதல் ஒன்று. பொய்யென அறிந்தே அறிவித்தல் மற்றொன்று. இரண்டுக்கும் உச்சவரம்பு ஒன்றே. நாட்கணக்குத் தப்பி ஒருநாள் பிந்தி வந்தவனும், நிலையான வீடின்றி ஏழு நாளைக்கொருமுறை அறிவிக்கக் கடமைப்பட்டு ஒருவாரம் தவறியவனும், திட்டமிட்டுப் பொய் புனைந்தவனும் ஒரே பிரிவின்கீழ் எதிரிக்கூண்டில் ஏறுகின்றனர். கண்டுபிடிப்புக்குத் தப்ப முயன்றவனைக் கடுமையாக நோக்கவேண்டுமென 2018ஆம் ஆண்டின் தண்டனை வழிகாட்டி நீதிபதிகளுக்குக் கூறுகிறது என்பது உண்மையே. எனினும் நீதிபதியின் கையேட்டில் இருக்கும் வேறுபாடு சட்டத்தின் வாசகத்திலேயே இருந்திருத்தல் வேண்டும். பொய் தனிக் குற்றமாகட்டும். அதன் தண்டனை உயரட்டும். பிந்தியவனுக்குரியது அதனிற் குறையட்டும். “அறிந்தே” என்ற சொல்லை மட்டும் எவரும் தொடலாகாது: வீட்டிலக்கத்தைத் தவறி எழுதியவன் பொய்யனல்லன், அவன் அறிந்தே எழுதினான் என்று நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுநரையே சாரும்.

இத்தகையோருக்கு நியாயம் எதற்கு என்று கொதிப்போருக்கு ஒன்று சொல்வோம். முப்பது மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றோர் மறுபரிசீலனை என்பதே இன்றி ஆயுள்முழுதும் அறிவிக்கவேண்டும் என்ற ஏற்பாடு மனித உரிமைக்கு முரணானது என்று 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கூறிற்று. 2012இல் இங்கிலாந்தில் மறுபரிசீலனைக்கு வழி திறக்கப்பட்டது. வயதுவந்தோர் அதனைக் கோரப் பதினைந்தாண்டு காத்திருத்தல் வேண்டும். அதனாற் பதிவேடு குலைந்துவிடவில்லை. ஒருநாட் பிந்தினாலே பெருஞ்சிறை என்று அஞ்சுபவன் பிந்தியேனும் வரமாட்டான், ஒரேயடியாக மறைந்துபோவான்.

ஐந்தாண்டானாலென்ன, அமெரிக்கச் சமஷ்டிச் சட்டம் விதிக்கும் பத்தாண்டானாலென்ன, பொய்யைக் கண்டுபிடித்தாலன்றோ தண்டனை! இருமுறை சென்றும் உட்புக முடியாதாயின் நீதவானின் ஆணை பெற்று வீட்டைச் சோதிக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் பொலிஸாருக்கு அளித்தது, அது நன்று. பெயர் மாற்றத்திலோ 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்துளையொன்றை விட்டுவைத்தது. இங்கிலாந்தில் நீதிமன்ற அனுமதி ஏதுமின்றி எவரும் பெயரை மாற்றிக்கொள்ளலாம். புதுப்பெயரைத் தரித்த மூன்று தினங்களுள் பொலிஸாருக்கு அறிவிக்கவேண்டும் என்றது சட்டம். அறிவிக்கவேண்டியவனோ, பெயரை மாற்றிய அவனே! கடவுச்சீட்டிலும் சாரதி அனுமதிப்பத்திரத்திலும் புதுப்பெயரைப் பொறிக்கும் அலுவலகங்கள், பொறிக்குமுன் பழைய பெயரைப் பொலிஸ் பதிவேட்டோடு ஒப்புநோக்கவேண்டும் என்று அன்றே ஒரு வரி எழுதியிருக்கலாம்.