குப்பையும் எருவும்

மண்ணச்சநல்லூர் என்றதும் நேயர்களுக்கு நினைவு வருவன அரிசி ஆலைகளே. அரிசி ஊரூராய்ப் போகிறது. விளைவித்த பூமியின் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதனுடன் போகின்றன. பயிர் உறிஞ்சிய சாம்பல் சத்தில் பெரும்பங்கு தங்குவது வைக்கோலில். நம் தேசமோ பொட்டாஷ் உரத்திற்கு அநேகமாக முற்றிலும் அந்நிய நாடுகளையே நம்பி நிற்கிறது.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு நம் குடியானவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். தழை, வைக்கோல், சாணம், சாம்பல் இவற்றை அடுக்கி, நீர் தெளித்து, காற்றுப் புகக் கிளறினால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் கம்போஸ்டு எரு கிடைக்கும் எனக் காட்டினார். வெறுமனே குவித்தால் அது அழுகி நாறும். காற்றுப் பட்டால் உள்ளெழும் உஷ்ணம் களைவிதைகளையும் நோய்க்கிருமிகளையும் அழிக்கும்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மக்கிய எருவிலோ ஒன்றிரண்டு பங்கே. ஆதலின் ரசாயன உரத்தை இன்றே கைவிடுக என்று நாம் கூறவில்லை. ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைக் காப்பது யூரியாவால் ஆகாத காரியம்.

நகரக் குப்பையின் சங்கதி என்ன? ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் வீட்டிலேயே பிரிக்க வேண்டுமென 2016-ஆம் வருஷத்து விதிகள் கூறின. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்த எருவைக் குடியானவன் மறுத்தால் குற்றம் அவனுடையதன்று. பிரித்துக் கொடுப்பது ஜனங்களின் கடமை. பிரித்ததை மறுபடி கலக்காமல் எருவாக்கி அண்டைக் கழனிகளுக்கு அளிப்பது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை. பூமியிடம் வாங்கிய கடனைத் தீர்க்காத ஊர், சுதேசியம் பேசிப் பயன் யாது?